காண்டாமிருகம் இரண்டு பக்கமும், விளிம்பில் கடிபட்ட ஒரு ரூபாய்: இதெல்லாம் மிண்டில் நடந்த பிழைதானா?

நித்யா_ஈரோடு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். அப்பா ரொம்ப வருடம் மளிகைக்கடை வைத்திருந்தார். கல்லாவுக்கு வரும் காசில் ஏதாவது வித்தியாசமாகப் பட்டால் அதைத் தனியாக எடுத்து ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டுவிடுவார். கடையை இப்போது தம்பி பார்க்கிறான், பாட்டில் என்னிடம் வந்துவிட்டது. கொட்டிப் பார்த்ததில் பெரும்பாலானவை சாதாரணக் காசுகள். இந்த ஏழு மட்டும் எனக்குப் பிடிபடவில்லை.

25 பைசா ஸ்டீல் காசு ஒன்று. ஒரு பக்கம் காண்டாமிருகம் வழக்கம்போல் புடைப்பாக இருக்கிறது. மறுபக்கம் சிங்கத்தைக் காணோம். அங்கேயும் காண்டாமிருகம்தான், ஆனால் எதிர்ப்பக்கம் திரும்பி, உள்ளே குழிந்து இருக்கிறது.

கதிர் போட்ட ஒரு ரூபாய் ஸ்டீல் காசு, 1990களில் வந்தது. விளிம்பில் பிறை வடிவில் ஒரு துண்டு இல்லை.

கட்டைவிரல் தூக்கிய கை போட்ட ஒரு ரூபாய். சிங்கம் நேராக நிற்கும்படி பிடித்துப் புத்தகப் பக்கம் மாதிரி திருப்பினால் கட்டைவிரல் மேலே பார்க்காமல் பக்கவாட்டில் பார்க்கிறது.

பழைய கனமான 5 ரூபாய். இந்தியா என்ற ஆங்கில எழுத்துகள் இரண்டிரண்டாகத் தெரிகின்றன.

10 ரூபாய்க் காசு ஒன்றில் நடுவில் இருக்கும் வெள்ளை வட்டம் மட்டும் கொஞ்சம் திரும்பியிருக்கிறது. வெளி வளையத்தை நேராக வைத்தால் நடுவில் இருக்கும் சிங்கம் சாய்கிறது.

1985 ஒரு ரூபாய், ஆண்டுக்குக் கீழே ஆங்கில எச் எழுத்து. இதற்கு லட்சக்கணக்கில் விலை என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள்.

கடைசியாக 1862 என்று போட்ட விக்டோரியா ராணி வெள்ளி ரூபாய். இது அப்பாவின் பாட்டியுடையது. ஆண்டுக்குக் கீழே புள்ளி மாதிரி ஏதோ தெரிகிறது, விளிம்பில் ஒரு இடத்தில் சின்ன வீக்கமும் இருக்கிறது.

விற்கும் எண்ணம் இப்போதைக்கு இல்லை. எது உண்மையான பிழை, எது யாரோ சுத்தியால் செய்த வேலை என்று தெரிந்துகொள்ள வேண்டும். அப்பா எதைப் பார்த்து எடுத்துவைத்தார் என்று எனக்கும் புரிய வேண்டும். கையில் ஒரு லென்ஸ் இருக்கிறது, வேறு கருவி இல்லை.

டூல்ரூம்_கோவை எழுதியது:

வணக்கம்மா. உங்கள் அப்பாவுக்கு நல்ல கண். நான் கோயம்புத்தூரில் டூல் ரூமில் டை, அதாவது உருவம் பதிக்கும் எஃகு அச்சு, செய்தே காலத்தை ஓட்டியவன். மோட்டார் பாகங்களுக்குத்தான் டை போட்டோம், காசுக்கு இல்லை. ஆனாலும் தகட்டை வெட்டி, இரண்டு டைக்கு நடுவில் வைத்து அடிக்கும் வேலை எங்கே போனாலும் ஒன்றுதான். காசு சேர்க்கும் பழக்கம் எனக்கு அந்த வழியில் வந்தது. அதனால் ஒவ்வொரு காசையும் அதை அடிக்கும் பிரஸ்ஸுக்குள் வைத்தே பேசுகிறேன்.

முதலில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மிண்டில், அதாவது காசு அடிக்கும் நாணயச்சாலையில், மூன்று இடத்தில் தவறு நடக்கலாம். வெட்டிய வெற்றுத் தட்டில், அதாவது பிளாங்க்கில் நடக்கலாம். டையிலேயே இருக்கலாம். அடிக்கும் நொடியில் நடக்கலாம். காசில் தெரியும் கோளாறு இந்த மூன்றில் எதில் வந்திருக்க முடியும் என்று கேளுங்கள். ஒன்றிலும் அதற்கு வழி இல்லையென்றால் அது வெளியே வந்தபிறகு நடந்தது. விலை, அபூர்வம் என்ற பேச்செல்லாம் அதற்கு அப்புறம்தான்.

டை என்பது காசுக்கு நேர் எதிர். காசில் புடைத்திருப்பது டையில் குழிந்திருக்கும். ஆகவே டையில் விரிசல் விட்டால் உலோகம் அந்த விரிசலுக்குள் ஏறி, காசில் மெல்லிய மேடாக ஒரு கோடு வரும். காசில் இருக்கும் கோடு பள்ளமாக இருந்தால் அது பெரும்பாலும் வெறும் கீறல். லென்ஸை வைத்துக்கொண்டு விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள், மேடா பள்ளமா என்று நிழல் சொல்லிவிடும். தலைக்கு மேலே எரியும் டியூப்லைட்டில் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்.

இப்போது உங்கள் காண்டாமிருகம். நீங்கள் எழுதியதை வைத்துச் சொன்னால் பாட்டிலில் முதல் இடம் இதற்குத்தான். இதை ப்ராக்கேஜ் என்பார்கள். அடித்து முடித்த காசு வெளியே விழாமல் சிங்கம் இருக்கும் டையோடு ஒட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது. அடுத்த பிளாங்க் வந்து உட்காருகிறது. ஒரு பக்கம் காண்டாமிருக டை அதன் வேலையைச் சரியாகச் செய்கிறது. மறுபக்கம் சிங்க டையை ஒட்டிய காசு மறைத்துக்கொண்டிருக்கிறது, அந்தக் காசின் வெளியே தெரியும் முகமும் காண்டாமிருகம்தான். அது புதுப் பிளாங்க்கில் பதியும்போது இடம் வலம் மாறி, குழியாக வரும். எந்தப் பக்கம் எது வரவேண்டுமோ அது உங்கள் காசில் சரியாக வந்திருக்கிறது. புடைத்த காண்டாமிருகத்தின் பின்னால் குழிந்த சிங்கம் இருக்கிறது என்று சொல்லியிருந்தால் சந்தேகப்பட்டிருப்பேன். அப்படி வர பிரஸ்ஸில் வழி கிடையாது.

இதைப் போலியாகச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டு காசைச் சேர்த்து வைஸ் என்ற இரும்புப் பிடிப்பானில் இறுக்குவது, அல்லது ஒன்றின்மேல் ஒன்று வைத்துச் சுத்தியால் ஓங்கி அடிப்பது. கண்டுபிடிக்க அந்தப் புடைப்புப் பக்கத்தைப் பாருங்கள். மிண்டில் நடந்திருந்தால் அந்தப் பக்கத்தை டை தாங்கிப் பிடித்திருக்கும், ஆகவே கொம்பு, தோல் மடிப்பு எல்லாம் கூர்மையாக நிற்கும். வைஸில் நடந்திருந்தால் அந்தப் பக்கத்தைத் தாங்கியது வெறும் இரும்புத் தாடை, மேடெல்லாம் நசுங்கித் தட்டையாக, பளபளப்பாக இருக்கும். கூடவே போலியில் குழிந்த காண்டாமிருகத்துக்கு அடியில் பழைய சிங்கத்தின் மிச்சம் எங்காவது தெரியும், அது ஏற்கெனவே முழுதாக அடித்த காசு அல்லவா! உங்கள் காசில் குழிப் பக்கத்தில் சிங்கத்தின் ஒரு துணுக்காவது தெரிகிறதா என்று பொறுமையாகத் தேடுங்கள். குழிந்த உருவம் சரியான அளவில், கூராக இருந்தால் ஒட்டிய காசின் முதல் அடி அது. அடிகள் கூடக்கூட ஒட்டிய காசு விரிந்துகொண்டே போகும், உருவமும் பெரிதாகி மங்கும்.

கடிபட்ட ஒரு ரூபாய்க்கு வருகிறேன். நீளமான ஸ்டீல் பட்டையிலிருந்து பஞ்ச் வைத்து வட்டம் வட்டமாக வெட்டுவார்கள். பூரி மாவைத் தேய்த்து டம்ளரால் வெட்டும்போது டம்ளர் ஏற்கெனவே வெட்டிய இடத்தில் கொஞ்சம் ஏறினால் அந்தப் பூரியில் பிறை மாதிரி குறையுமே, அதேதான். பட்டை சரியான தூரம் நகரவில்லை, பஞ்ச் பழைய ஓட்டையில் கொஞ்சம் ஏறி இறங்கிவிட்டது. இதைக் கிளிப் என்பார்கள். அரம் போட்டுப் பிறை செய்வது சுலபம் என்பதால் இதில் போலிகள் ஏராளம்.

மூன்று இடத்தைப் பார்க்க வேண்டும். ஒன்று எடை. அந்த ஒரு ரூபாய் 25 மில்லிமீட்டர் அகலம், 4.85 கிராம் எடை. குறை உண்மையில் இருந்தால் எடையும் குறைய வேண்டும், அரம் போட்டாலும் குறையும் என்பதால் இது மட்டும் போதாது. இரண்டாவது, பிறையின் ஓரத்தில் இருக்கும் எழுத்து அல்லது கதிர். மிண்டில் முதலிலேயே குறைந்த பிளாங்க்கை அடித்திருந்தால் உலோகம் அந்த வெற்றிடத்தை நோக்கிக் கொஞ்சம் வழிந்திருக்கும். கதிரின் முனை அங்கே இழுத்தாற்போல மெலிந்து முடியும். அரம் போட்டதில் கதிர் முழு உயரத்தோடு வந்து சட்டென்று அறுந்து நிற்கும். மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. பிறைக்கு நேர் எதிரே, காசின் அந்தக் கோடியில் இருக்கும் விளிம்பைப் பாருங்கள். அடிப்பதற்கு முன்னால் பிளாங்க்கை இரண்டு பக்கமும் நெருக்கி உருட்டித்தான் விளிம்பை மேடாக்குவார்கள். ஒரு பக்கம் தகடே இல்லாதபோது எதிர்ப்பக்கத்துக்கு நெருக்கம் கிடைக்காது. அதனால் அங்கே விளிம்பு மெலிந்து, எழுத்தும் மங்கி வரும். இதற்கு பிளேக்ஸ்லி விளைவு என்று பெயர். அரம் போடுகிறவர் பிறையைத்தான் செதுக்குவார், எதிர் விளிம்பைத் தொட அவருக்குத் தோன்றாது. எல்லா நல்ல கிளிப்பிலும் இது இருக்கும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் இருந்தால் நிம்மதி.

கட்டைவிரல் காசு டை திரும்பியதால் வந்தது. நம் காசுகளில் இரண்டு பக்கமும் தலை ஒரே திசையில் இருக்க வேண்டும். நீங்கள் திருப்பிப் பார்த்த முறை சரியானதே. டையைப் பிடித்திருக்கும் திருகு தளர்ந்தால் அது அடிக்க அடிக்கக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிக்கொண்டே போகும். யாராவது கவனித்து நிறுத்தும் வரை வந்த காசெல்லாம் இப்படித்தான். பத்து பதினைந்து டிகிரி சாய்ந்தவை எங்கள் சந்திப்புகளில் குவியலாக வரும், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. உங்களுடையது கால் சுற்று என்றால் எடுத்துவைக்கத் தகுந்தது. இதில் நல்ல விஷயம், வீட்டில் உட்கார்ந்து இதைப் போலி செய்ய முடியாது. இரண்டு காசைப் பாதியாக இழைத்து ஒட்டினால்தான் உண்டு, அப்போது விளிம்பில் ஒட்டுக்கோடு தெரியும், எடையும் மாறும்.

5 ரூபாயில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். எழுத்து இரண்டாகத் தெரிய இரண்டு வழி உண்டு, இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம்.

டை செய்ய ஹப் என்று ஒரு எஃகுத் துண்டு வைத்திருப்பார்கள். அதில் காசில் இருப்பதுபோலவே எழுத்தெல்லாம் புடைத்திருக்கும். அதை வேறொரு எஃகுத் துண்டில் பெரிய அழுத்தத்தில் இறக்கினால் டை கிடைக்கும். பழைய முறையில் ஒரே அழுத்தில் முழு ஆழமும் வராது. அழுத்த அழுத்த எஃகு இறுகிவிடும். அதை உலையில் வைத்து அனீல் செய்து, இளக்கி, மறுபடி அதே இடத்தில் ஹப்பை இறக்க வேண்டும். இரண்டாவது தடவை ஒரு மயிரிழை திரும்பி இறங்கினால் டையிலேயே எழுத்து இரட்டையாகிவிடும். அப்புறம் அந்த டை அடிக்கும் ஒவ்வொரு காசிலும் அதே இடத்தில், அதே அளவில் இரட்டை இருக்கும். இதுதான் டபுள்ட் டை. அமெரிக்காவில் 1955-இல் ஃபிலடெல்ஃபியா மிண்டில் அடித்த லிங்கன் ஒரு சென்ட்தான் இதற்குப் பேர்போன காசு. அதில் ஆண்டும் எழுத்தும் கண்ணாலேயே இரண்டாகத் தெரியும். தெரிந்தே இருபதாயிரத்துக்கும் மேல் புழக்கத்துக்குப் போய்விட்டது.

இன்னொன்று மெஷின் டபுளிங். டையில் குறையே இல்லை. அடித்து முடித்து விலகும்போது டை லேசாக ஆடி, புதிதாக எழும்பிய எழுத்தின் தோளை உரசிவிடுகிறது. எழுத்தின் ஒரு பக்கம் வழித்து, படிக்கட்டு மாதிரி தட்டையாகிவிடும். பிரஸ்ஸில் கொஞ்சம் லூஸ் இருந்தாலே இது வரும், எங்கள் ஷாப்பில் இதற்காகவே தினமும் ஷிம் என்ற மெல்லிய தகட்டை இடுக்கில் போட்டு இறுக்குவோம். நம் ஊர்க் காசுகளில் இது மிக மிகச் சாதாரணம். இதற்குத் தனி விலை கொடுக்கக் கூடாது என்பது என் கட்சி.

எப்படிப் பிரிப்பது? ஆங்கில ஐ (I) எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள், ஒரே குச்சி, சுலபம். டபுள்ட் டையாக இருந்தால் குச்சி வழக்கத்தைவிடத் தடிக்கும், இரண்டாவது உருவமும் மேல் பாகம் உருண்டு முழு எழுத்தாக நிற்கும், எழுத்தின் முனை மூலைகளில் பிளவு பட்டது போல ஒரு சின்ன வெட்டு தெரியும். மெஷின் டபுளிங்காக இருந்தால் குச்சி வழக்கத்தைவிட மெலிந்திருக்கும், ஏனென்றால் அதன் சதையிலிருந்துதான் அந்தப் படிக்கட்டு வந்தது. படி தாழ்வாக, தட்டையாக, பளபளவென்று இருக்கும். பக்கத்தில் ஒரு சாதாரண 5 ரூபாயை வைத்து ஒப்பிடுங்கள். தடித்ததா மெலிந்ததா என்பதற்குப் பதில் சொன்னால் மீதியை நான் சொல்கிறேன். கனமான 5 ரூபாய் 9 கிராம், அதையும் ஒருமுறை நிறுத்துவிடுங்கள்.

10 ரூபாயை எடுத்துச் செலவு செய்துவிடலாம். வளையமும் நடு வட்டமும் தனித்தனியாக வெட்டி, சேர்த்து வைத்து, ஒரே டையால் ஒரே அடியில் அடிப்பார்கள். அந்த அடியில்தான் இரண்டும் இறுகிப் பிடிக்கின்றன. ஒரே டையில் இருக்கும் சிங்கமும் வெளி எழுத்தும் ஒன்றுக்கொன்று எப்படிச் சாயும்? சாயாது. யாரோ நடுவட்டத்தைத் தட்டி எடுத்து மறுபடி பொருத்தியிருக்கிறார்கள். மிண்டிலேயே நடுவட்டம் தள்ளி உட்கார்ந்திருந்தால் வெள்ளைப் பாகம் ஒரு பக்கம் ஒதுங்கும், ஆனால் டிசைன் நேராகவே இருக்கும், வெள்ளையிலிருந்து மஞ்சளுக்கு எழுத்தோ உருவமோ கோட்டைத் தாண்டி ஓடும். அப்படி ஒன்று கிடைத்தால் விடாதீர்கள்.

எச் எழுத்து பிழையே இல்லை. 1985-இல் நம் மிண்டுகளால் தேவைக்கு ஈடு கொடுக்க முடியாமல் வெளிநாட்டிலும் ஒரு ரூபாய் அடித்து வாங்கினார்கள். எச் என்பது பர்மிங்காமில் அடித்ததன் அடையாளம். நம் நாட்டு அடையாளங்களும் அங்கேதான் ஆண்டுக்குக் கீழே இருக்கும். மும்பைக்கு வைரம், ஹைதராபாத்துக்கு நட்சத்திரம், நொய்டாவுக்குப் புள்ளி, கொல்கத்தாவுக்கு ஒன்றும் இல்லை. சேர்க்கிறவர்கள் விரும்பி வைத்துக்கொள்வார்கள், லட்சமெல்லாம் கிடையாது. வீடியோக்காரர் நம்பருக்குப் பேசி ‘வரி கட்டுங்கள், கமிஷன் அனுப்புங்கள்’ என்று கேட்டால் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லியே இப்படிக் கேட்கிறார்கள் என்று அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரிக்கை வெளியிட்டது.

வெள்ளி ரூபாய்க்கு நம் குடந்தைக்காரர் வருவார், அது அவர் பேட்டை.

மதுரை_சில்லறை எழுதியது:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும் அண்ணா. 10 ரூபாயில் பத்துக் கோடு இருந்தால் நல்லது, பதினைந்து கோடு இருந்தால் கள்ளக்காசு என்கிறார்களே? எங்கள் பக்கம் பஸ்ஸில்கூட வாங்க மறுக்கிறார்கள்.

டூல்ரூம்_கோவை எழுதியது:

இரண்டும் நல்ல காசு தம்பி. ரூபாய்ச் சின்னம் வருவதற்கு முன் வந்தவை, பின் வந்தவை, நினைவுக் காசுகள் என்று டிசைன் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி 14 டிசைன்கள் வந்திருக்கின்றன, அத்தனையும் செல்லும் என்று அறிவித்தது. டிசைன் மாறுவது வேறு, ஒரே டிசைனில் டைக்கு டை சின்ன வித்தியாசம் வருவது வேறு, பிழை வேறு. இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்புவதால்தான் இத்தனை வதந்தியும். நம் ஊரில் பெட்டிக்கடைக்காரர் ஒருவர் நல்ல காசைத் தூக்கி எறிவதைப் பார்க்கும்போது மனசு ஆறவில்லை.

குடந்தை_வெள்ளிக்காசு எழுதியது:

வந்துவிட்டேன். நித்யா அம்மா, முதல் வேண்டுகோள்: அந்த ரூபாயைப் பூந்திக்கொட்டை, விபூதி, டூத் பேஸ்ட் எதையும் போட்டுத் தேய்க்காதீர்கள். குத்துவிளக்கைத் தேய்க்கும் கையோடு வெள்ளிக் காசையும் தேய்த்துப் பளிச்சென்று கொண்டுவந்து நீட்டுகிறார்கள். கறுப்போடு சேர்த்து அச்சின் மெல்லிய கோடுகளும் போய்விடுகின்றன, அப்புறம் எந்த டை என்று அடையாளம் சொல்லவே முடியாது.

1862 என்று போட்டிருப்பதால் அது 1862-இல் அடித்தது என்று நினைக்க வேண்டாம். அந்த ஆண்டில் புது டிசைன் வந்தது. அதன்பிறகு 1874 வரை ஆண்டு எண்ணை மாற்றாமலேயே அடித்துக்கொண்டு போனார்கள். பம்பாய் மிண்டில் மட்டும் உண்மையான ஆண்டைத் தங்களுக்குள் தெரிந்துகொள்ள டையில் புள்ளி வைத்தார்கள். புள்ளி இரண்டு இடத்தில் வரும். ஆண்டு எண்ணுக்குக் கீழே ஒரு இடம். மேலே ஒன் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு மேல் இன்னொரு இடம். எத்தனை புள்ளி, எங்கே எத்தனை என்று எண்ணித்தான் நாங்கள் பிரிக்கிறோம். சில கூட்டல்கள் மூட்டை மூட்டையாகக் கிடைக்கும், சிலவற்றைப் பார்ப்பதே அரிது. கூடவே ராணியின் உடை முன்பாகத்தின் வேலைப்பாடும், பின்பக்கப் பூவேலையும் டைக்கு டை மாறும். ஆகவே இரண்டு பக்கமும் தெளிவான படம் வேண்டும், மேல் புள்ளி இருக்கும் இடத்தை மட்டும் கிட்டத்தில் எடுத்து அனுப்புங்கள். பலர் கீழ்ப் புள்ளியை எண்ணிவிட்டு மேலே பார்க்காமல் விட்டுவிடுகிறார்கள்.

புள்ளி போலத் தெரிவது எல்லாம் புள்ளி இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். டையில் துரு பிடித்தால் காசில் பொடிப்பொடியாக மேடு வரும். மிண்டில் குத்திய புள்ளி வட்டமாக, ஓரம் தெளிவாக, எழுத்தின் உயரத்துக்கு ஏறக்குறையச் சமமாக நிற்கும். துருப்பொடி கோணலாக, நாலைந்து சேர்ந்தாற்போல, புள்ளி இருக்கக் கூடாத இடத்திலும் பரவியிருக்கும்.

விளிம்பில் இருக்கும் வீக்கம்தான் எனக்குக் கவலை. டையின் ஓரம் உடைந்து விழுந்தால் அந்த இடத்தில் உலோகம் ஏறி ஒரு கட்டி வரும், கட் (cud) என்பார்கள். அது நல்ல பிழை. ஆனால் உங்கள் கொள்ளுப்பாட்டி வீட்டுக் காசு என்கிறீர்கள். அந்தக் காலத்தில் ரூபாயில் வளையம் பற்றவைத்துக் கழுத்தில் போட்டுக்கொள்வது வழக்கம், பிற்பாடு வளையத்தை அறுத்துவிடுவார்கள், பற்றவைத்த தடம் மட்டும் நிற்கும். வீக்கம் ராணியின் தலைக்கு நேர் மேலே இருந்தால் வளையம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். லென்ஸில் பாருங்கள். பற்றுத் தடமாக இருந்தால் விளிம்பின் வெளிச்சுவரிலும் உலோகம் வழிந்து, வரிவரியான வெட்டுகளை அடைத்திருக்கும், நிறமும் கொஞ்சம் மஞ்சள் ஓடும். டை உடைந்த கட்டியாக இருந்தால் மேல் முகத்தில் மட்டும் இருக்கும், வெளிச்சுவர் வரிகள் சுத்தமாக இருக்கும், அதன் நேர் பின்பக்கத்தில் எழுத்து மங்கியிருக்கும், ஏனென்றால் உலோகம் முன்பக்கம் போய்விட்டது. எடை 11.66 கிராம், அகலம் 30.5 மில்லிமீட்டர். தேய்மானத்தால் கொஞ்சம் குறையலாம், கூடினால் பற்று.

டூல்ரூம் அண்ணா இரட்டை உருவத்தைப் பற்றிச் சொன்னதால் ஒன்று சேர்க்கிறேன். சென்னை மிண்டில் 1807-ஐ ஒட்டிக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் வெள்ளியில் அரை வராகன் அடித்தார்கள். ஒரு பக்கம் கோபுரம், சுற்றிலும் நட்சத்திரங்கள். மறுபக்கம் பெருமாள், சுற்றித் தமிழிலும் தெலுங்கிலும் எழுத்து. அதற்கு வெள்ளியாகப் பயன்பட்டது பெரும்பாலும் ஸ்பெயின் டாலர்கள். உருக்காமல் அவற்றின் மேலேயே அடித்துவிட்டார்கள். அதனால் கோபுரத்தின் ஓரத்தில் ஸ்பெயின் அரசர் பெயரின் எழுத்துகள் ஆவி மாதிரி தெரியும். இதைப் பார்த்து இரட்டை அடி என்று விற்கிறவர்கள் இருக்கிறார்கள். அடியில் இருப்பது வேறு நாட்டுக் காசு. அந்த எழுத்தைப் படித்து, அந்த டாலர் எந்த மிண்டில் பிறந்தது என்று கண்டுபிடிப்பதைப்போல இன்பமான வேலை எனக்கு வேறில்லை.

நித்யா_ஈரோடு எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. தெரிந்த நகைக்கடைத் தராசில் எல்லாவற்றையும் நிறுத்தேன், லென்ஸையும் விளக்கையும் நீங்கள் சொன்னபடி சாய்த்துப் பார்த்தேன்.

கடிபட்ட ஒரு ரூபாய் 4.58 கிராம். பிறைக்கு எதிரே விளிம்பு உண்மையிலேயே மெலிந்திருக்கிறது ஐயா, விரல் நகத்தால் தடவினாலே மற்ற இடத்துக்கும் அதற்கும் வித்தியாசம் தெரிகிறது. கதிரின் முனையும் அறுந்த மாதிரி இல்லை, பிறையை நோக்கி மெல்லியதாக வழிந்து முடிகிறது.

காண்டாமிருகத்தின் புடைப்புப் பக்கத்தில் தோல் மடிப்பெல்லாம் கூர்மையாக இருக்கிறது. குழிப் பக்கத்தில் எவ்வளவு தேடியும் சிங்கத்தின் சுவடே இல்லை. ஆனால் குழிந்த காண்டாமிருகம் புடைத்ததைவிடக் கொஞ்சம் பெரிதாகத் தெரிகிறது, கால் பக்கம் மங்கல்.

5 ரூபாய் 9 கிராம்தான். ஐ எழுத்து சாதாரணக் காசில் இருப்பதைவிட மெலிந்து, பக்கத்தில் பளபளவென்று தட்டையாக ஒரு படி இருக்கிறது. அப்படியென்றால் மெஷின் டபுளிங் என்று நானே சொல்லிக்கொண்டேன்.

வெள்ளி ரூபாய் 11.71 கிராம். வீக்கம் ராணியின் தலைக்கு நேர் மேலே. வெளிச்சுவர் வரிகள் அந்த இடத்தில் அடைபட்டிருக்கின்றன. ஆண்டுக்குக் கீழே ஒரு புள்ளி, வட்டமாக இருக்கிறது. மேலே புள்ளி இருக்கும் இடத்தில்தான் கறுப்பு படிந்து மூடியிருக்கிறது. தேய்க்கவில்லை!

குடந்தை_வெள்ளிக்காசு எழுதியது:

11.71 என்றால் வளையம்தான் அம்மா, தேய்ந்த காசு எடை கூடாது. பம்பாய்க் காசு என்பதும் உறுதி. மேல் புள்ளியைப் பார்க்க, சுத்தமான அசிட்டோனில் கொஞ்ச நேரம் போட்டு எடுங்கள், துடைக்காமல் தானாக உலர விடுங்கள். அது எண்ணெய்ப் பிசுக்கை மட்டும் எடுக்கும், வெள்ளியைத் தொடாது. ஜன்னலைத் திறந்து வைத்து, அடுப்புக்குத் தள்ளி வைத்துச் செய்யுங்கள். அதற்கும் அசையாவிட்டால் விட்டுவிடுங்கள், கறுப்பு இருந்துவிட்டுப் போகட்டும். வளையத் தடம் விற்பனை விலையைக் குறைக்கும், ஆனால் உங்கள் குடும்பத்தில் ஒருவர் கழுத்தில் கிடந்த காசு, அதைச் சுரண்டி எடுக்க யாரிடமும் கொடுக்காதீர்கள்.

டூல்ரூம்_கோவை எழுதியது:

5 ரூபாயில் நீங்கள் சொன்னது சரி, அது மெஷின் டபுளிங். கிளிப் நல்ல கிளிப். காண்டாமிருகம் பெரிதாகி, கால் மங்கியிருப்பதால் ஒட்டிய காசின் முதல் அடி இல்லை, அதற்கு முன்பே சில பிளாங்க் அடிபட்டிருக்கும். முதல் அடிக்குத்தான் மதிப்பு அதிகம், ஆனாலும் ஸ்டீலில் இவ்வளவு சுத்தமான ப்ராக்கேஜ் கையில் கிடைப்பது சந்தோஷமான விஷயம். 25 பைசா 2011 ஜூன் 30-லிருந்து செல்லாது, அதனால் இனிக் கல்லாவில் புதிதாக ஒன்று வந்து விழப்போவதும் இல்லை.

இவற்றைப் பாட்டிலில் போட வேண்டாம், ஒன்றோடொன்று மோதும். காசு வைக்கும் அட்டை உறைகள் கிடைக்கின்றன, நடுவில் மெல்லிய பிளாஸ்டிக் ஜன்னல் இருக்கும். பிவிசி கவர் மட்டும் வாங்காதீர்கள், வருடக்கணக்கில் வைத்தால் பச்சையாகப் பிசுபிசுக்கும், வெள்ளிக்கு ரொம்பக் கெடுதல். ஒவ்வொரு உறையிலும் எடையையும், ‘அப்பா கடை, ஈரோடு’ என்றும் பென்சிலால் எழுதிவையுங்கள். கட்டைவிரல் காசு எத்தனை டிகிரி திரும்பியிருக்கிறது என்று பள்ளிக்கூடக் கோணமானியை வைத்து அளந்து அதில் குறித்துவிடுங்கள்.

பாட்டிலில் மீதி இருக்கும் சாதாரணக் காசுகளை அவசரப்பட்டுச் செலவு செய்ய வேண்டாம். ஆண்டுக்குக் கீழே நொய்டாப் புள்ளி பாதி அழிந்தாற்போல ஏதாவது இருந்தால் டையில் கிரீஸ் அடைத்திருக்கும், அதையும் எடுத்து வையுங்கள். காண்டாமிருகத்தை விளிம்போடு நிற்கவைத்து ஒரு படம் போடுங்கள், ஒட்டிய காசு எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்று அதில் தெரியும்.